பௌத்தத்தின் பரவல் பற்றிய கட்டுரை: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

பௌத்தம் எப்படிப் பரவியது என்று எழுதச் சொன்னால், மாணவர்களிடம் தகவலுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. அசோகர் தெரியும், கனிஷ்கர் தெரியும், பட்டுப்பாதை தெரியும், யுவான் சுவாங் தெரியும். அத்தனையும் எழுதியும் மதிப்பெண் பாதியில் நின்றுவிடுகிறது. நான் படித்துத் திருத்தும் கட்டுரைகளில் இதற்கான காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மதம் தானாகவே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததுபோல எழுதிவிடுகிறார்கள். அதைக் கொண்டுபோனவர் யார், அங்கே இருந்தவர்கள் எதற்காக ஏற்றுக்கொண்டார்கள் என்ற இரண்டு கேள்விகளும் விடுபட்டுப்போகின்றன.

உங்கள் வரைவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள அறிகுறிகளில் எது பொருந்துகிறதோ அதை மட்டும் படித்தால் போதும். எடுத்துக்காட்டுகளில் சீனா அதிகமாக வரும். பௌத்தத்தை வரவேற்றவர்களும் எதிர்த்தவர்களும் தங்கள் காரணங்களை எழுதியே வைத்திருக்கும் நாடு அது. கட்டுரை எழுதுபவருக்கு அதைவிட நல்ல களம் கிடைக்காது.

அறிகுறி: ஒன்றரைப் பக்கம் முடிந்தும் சித்தார்த்தர் அரண்மனையை விட்டு வெளியே வரவில்லை

கேள்வி பரவலைப் பற்றியது. புத்தரின் பிறப்பு, நான்கு காட்சிகள், போதி மரம், சாரநாத் உரை எல்லாவற்றையும் இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். நான்கு வாய்மைகள், எண்வழிப் பாதை ஆகியவற்றை முன்னுரையில் பட்டியலிட வேண்டாம். ஒரு போதனை ஒரு குறிப்பிட்ட மக்களை ஏன் ஈர்த்தது என்று சொல்ல வேண்டிய இடம் வரும்போது, அங்கே அந்தப் போதனையை மட்டும் எடுத்து வையுங்கள். முதல் பத்தியிலேயே உங்கள் வாதம் தெரிந்துவிட வேண்டும்.

அறிகுறி: வாதம் என்று எழுதியது யாரும் மறுக்க முடியாத வாக்கியமாக இருக்கிறது

"வணிகர்கள், துறவிகள், அரசர்கள் ஆகியோரால் பௌத்தம் ஆசியா முழுவதும் பரவியது." இப்படி ஒரு வாக்கியம் உங்களிடம் இருக்கிறதா? இது உண்மைதான், ஆனால் வாதம் இல்லை. எந்த மதத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

சரிசெய்ய, இடத்தையும் காலத்தையும் சுருக்குங்கள். பிறகு பல காரணங்களில் எது கனமானது என்று துணிந்து சொல்லுங்கள். இப்படி: "கி.பி. 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை சீனாவில் பௌத்தம் வேரூன்றியதற்கு, ஹான் பேரரசு சிதைந்த பிறகு வடக்கே இருந்த புதிய ஆட்சியாளர்களுக்கும் தெற்கே இருந்த மேல்தட்டினருக்கும் அது வெவ்வேறு வகையில் பயன்பட்டதே முதன்மைக் காரணம். வணிகப் பாதைகள் அதற்கு வழி திறந்துவிட்டன." இதை ஒருவர் மறுக்கலாம். போதனையின் ஆழம்தான் காரணம் என்று வாதிடலாம். மறுக்க இடமிருந்தால்தான் நிறுவுவதற்கும் வேலை இருக்கும்.

அறிகுறி: எல்லாவற்றையும் அசோகர் ஒருவரே செய்து முடித்துவிடுகிறார்

நம் பாடப்புத்தகங்களில் ஊறியவர்களுக்கு இது கட்டாயம் வரும். கலிங்கப் போர், மனமாற்றம், ஒன்பது திசைக்கும் தூதர்கள், அவ்வளவுதான், ஆசியா பௌத்தமாகிவிட்டது. இங்கே இரண்டு வகைச் சான்றுகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து வைத்தாலே கட்டுரை ஒரு படி மேலே போய்விடும்.

முதல் வகை, அசோகரே வெட்டுவித்த கல்வெட்டுகள். 13ஆம் பெரும்பாறைக் கல்வெட்டு கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டதையும் சொல்கிறது. தம்ம வெற்றி எங்கெல்லாம் கிடைத்தது என்று சொல்லும்போது, அந்தியோகஸ் முதலிய ஐந்து யவன அரசர்களின் நாடுகளையும், தெற்கே சோழர், பாண்டியர், தாமிரபரணி (இலங்கை) வரையான பகுதிகளையும் குறிப்பிடுகிறது. ஆனால் அந்தக் கல்வெட்டுகளில் வரும் தம்மம் பெற்றோருக்குப் பணிதல், உயிர்க்கொலை தவிர்த்தல், எல்லாச் சமயத்தாரையும் மதித்தல் போன்ற பொது ஒழுக்கமாகவே பெரிதும் இருக்கிறது. சங்கத்தை நேரடியாக நோக்கிப் பேசுபவை வேறு கல்வெட்டுகள். பைராட்டில் கிடைத்தது அப்படிப்பட்டது. துறவியர் படிக்க வேண்டிய உரைகளின் பெயர்களையே அது தருகிறது. ஆகவே "அசோகர் ஐந்து கிரேக்க நாடுகளுக்குப் பௌத்தத்தைக் கொண்டுசென்றார்" என்று நேராக எழுத முடியாது.

இரண்டாவது வகை, மகாவம்சம். பாடலிபுத்திரத்தில் மூன்றாம் பேரவை, மொக்கலிபுத்த திஸ்ஸர் அனுப்பிய குழுக்கள், இலங்கைக்கு வந்த மகிந்தர், தேவானம்பிய திஸ்ஸனின் ஏற்பு எல்லாம் இங்கிருந்து வருபவை. இது அநுராதபுரத்தின் மகாவிகாரைத் துறவியர் மரபில், அசோகருக்குச் சுமார் 700 ஆண்டுகள் கழித்து எழுந்த நூல். தங்கள் மரபுதான் தூய்மையானது என்று காட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. அந்தப் பேரவையைப் பற்றி அசோகர் கல்வெட்டுகள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதற்காக மகாவம்சத்தைத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். சாஞ்சிக்குச் சுற்றுவட்டாரத் தூபிகளில் கிடைத்த, துறவியரின் எலும்பு எச்சங்களை வைத்த பேழைகளில் காசபகோதர் என்பவரை இமயப் பகுதியின் ஆசிரியர் என்று பொறித்திருக்கிறார்கள். இமயத்துக்குப் போன குழுவில் இதே பெயரை இலங்கை மரபும் வைத்திருக்கிறது. ஒரு நூலின் கூற்றை வேறொரு நிலத்தில் கிடைத்த பொருள் ஓரளவு உறுதிசெய்கிறது. இந்த ஒரு பத்தியை ஒழுங்காக எழுதினால், சான்றை எடைபோடத் தெரிந்தவர் என்று படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அறிகுறி: ஒவ்வொரு பத்தியும் "பரவியது" என்று முடிகிறது, ஆளே கண்ணில் படவில்லை

எனக்கு மிகவும் கவலை தரும் கோளாறு இதுதான். சோதிக்க எளிய வழி உண்டு. வரைவில் "பரவியது", "சென்றடைந்தது", "செல்வாக்குப் பெற்றது" என்று முடியும் வாக்கியங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்த வாக்கியத்தில் வரலாறு இன்னும் நுழையவில்லை.

பெயர்கள் இல்லாமல் இல்லை. 148இல் லுவோயாங் வந்து சேர்ந்து மொழிபெயர்க்கத் தொடங்கிய ஆன் ஷிகாவ் பார்த்தியர், அதாவது பண்டைய ஈரானியப் பகுதிக்காரர். அடுத்த தலைமுறையில் மகாயான நூல்களைச் சீனத்தில் தந்த லோகசேமர் குஷாணர் பகுதிக்காரர். காங் செங்ஹுய் என்பவரின் வாழ்க்கை இன்னும் சிறப்பு. அவருடைய முன்னோர் மத்திய ஆசியாவின் சோக்தியர்கள். குடும்பம் இந்தியாவில் வாழ்ந்தது. தந்தை வணிகத்துக்காக இன்றைய வட வியட்நாமுக்குப் போனார். அங்கே வளர்ந்த மகன் துறவியாகி 247இல் இன்றைய நான்ஜிங்குக்கு வந்து சேர்ந்தார். வணிகப் பாதை, கடல் வழி, மொழிபெயர்ப்பு, புலம்பெயர்வு எல்லாம் ஒரே ஆளின் வரலாற்றில் அடங்கிவிடுகின்றன. "வணிகப் பாதைகள் முக்கியப் பங்கு வகித்தன" என்று மூன்று முறை எழுதுவதைவிட இவரை ஒருமுறை சொல்வது வலுவானது. தொடக்க கால மொழிபெயர்ப்பாளர்களில் இந்தியர் அல்லாதவர்களே எவ்வளவு பேர் என்பதையும் அப்படியே சேர்த்துக் காட்டிவிடலாம்.

அப்புறம், பணம். மடம் சோறு விளைவிப்பதில்லை, யாராவது கொடுக்க வேண்டும். சாஞ்சியின் தெற்குத் தோரணவாயிலில் விதிசா நகரத்துத் தந்தவேலைக்காரர்கள் தாங்கள் செதுக்கிய பகுதியைக் கல்லிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அங்கேயுள்ள கொடைக் கல்வெட்டுகளில் வணிகர்களும் இல்லறத்தாரும் இருக்கிறார்கள்; பிக்குணிகளும் நிறையவே இருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் கார்லே குகையின் தூண்களைக் கொடுத்தவர்களில் யவனர்கள் உண்டு. அந்தக் குகைகள் கடற்கரையிலிருந்து தக்காணத்துக்கு ஏறும் கணவாய்களை ஒட்டியே அமைந்திருக்கின்றன. அரசர் பெயரை மட்டும் எழுதிப் பழகியவர்களுக்கு இந்தக் கல்வெட்டுகள் புதிய கதவு. "அரச ஆதரவு" என்ற தலைப்பு ஏற்கனவே உங்கள் வரைவில் இருந்தால், பக்கத்தில் இவர்களுக்கும் ஒரு பத்தி கொடுங்கள்.

அறிகுறி: "ஏன் அப்போது?" என்று கேட்டால் கட்டுரையிடம் பதில் இல்லை

65ஆம் ஆண்டிலேயே சீன இளவரசர் ஒருவர் புத்தருக்கு வழிபாடு செய்ததாக ஹான் வரலாற்று நூலில் பதிவு இருக்கிறது. அப்படியிருந்தும் அதற்கடுத்த இருநூறு ஆண்டுகளுக்குச் சீனாவில் பௌத்தம் பெரும்பாலும் வெளிநாட்டவர் குடியிருப்புகளிலும் சிறு வட்டங்களிலும்தான் இருந்தது. பாதை இருந்தது, நூல் இருந்தது, துறவி இருந்தார். பிறகு என்ன மாறியது?

அரசியல் மாறியது. 220இல் ஹான் ஆட்சி முடிந்தது. 311இல் லுவோயாங் சூறையாடப்பட்டது. வடக்கே சீனரல்லாத அரச குலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆண்டன. சீன மேல்தட்டுக் குடும்பங்கள் யாங்சி ஆற்றுக்குத் தெற்கே ஓடின. இந்த இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

வடக்கே ஆண்ட ஷி லேயும் அவருக்குப் பின் ஷி ஹூவும் ஃபோடூடெங் என்ற துறவியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். புத்தர் அந்நிய தெய்வம், சீனர்கள் வணங்கத் தகாதவர் என்று ஓர் அமைச்சர் முறையிட்டபோது, ஷி ஹூ சொன்ன பதில் பதிவாகியிருக்கிறது: தாமும் எல்லைக்கு வெளியே பிறந்தவர்தான், அந்நிய தெய்வமே தமக்குப் பொருத்தம் என்றார். கன்பூசிய மரபு அவரைக் காட்டுமிராண்டி வரிசையில் வைத்தது. பௌத்தம் அப்படிப் பிரிக்கவில்லை. ஒரு மன்னருக்கு ஒரு மதம் எதற்குத் தேவைப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. பின்னர் வட வெய் அரசில் துறவியர் தலைவராக இருந்த ஃபாகுவோ, பேரரசரே இக்காலத்தின் புத்தர், ஆகவே அவரை வணங்கலாம் என்றார். அதே அரசு 446இல் பௌத்தத்தை ஒடுக்கியது. சில ஆண்டுகளில் மனம் மாறி, 460களில் யுங்காங் குகைகளில் மாபெரும் புத்தர்களைக் குடையத் தொடங்கியது.

தெற்கே நிலைமையே வேறு. ஹுயுவான் என்ற துறவி 404இல், துறவி அரசருக்குத் தலைவணங்க வேண்டியதில்லை என்று வாதிட்டு நூலே எழுதினார். இல்லறத்தில் இருக்கும் பௌத்தர் அரசருக்கும் பெற்றோருக்கும் பணிய வேண்டும், வீட்டைத் துறந்தவர் அந்த வரம்புக்கு வெளியே இருக்கிறார் என்பது அவர் வாதம். வடக்கே அரசரைப் புத்தராக்கியவர் ஒருவர், தெற்கே அரசருக்குப் பணிய மறுத்தவர் ஒருவர். இருவரையும் அடுத்தடுத்து வைத்து, அரசின் பலம் எங்கே எப்படி இருந்தது என்பதோடு இணைத்துக் காட்டுங்கள். உங்கள் கட்டுரையின் மையப் பத்தி அதுவாகவே இருக்கலாம்.

பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்த குமாரஜீவரையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். மேதை என்று மட்டும் எழுதி விட்டுவிடுகிறோம். மத்திய ஆசியாவின் கூச்சா நகரைப் பிடித்த படைத்தலைவர் ஒருவர் அவரைக் கொண்டுபோய்ப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். 401இல் யாவோ ஷிங் என்ற மன்னர் அவரைச் சாங்கானுக்கு வரவழைத்து, உதவியாளர்களோடு பெரிய மொழிபெயர்ப்புக் கூடத்தையே அமைத்துக் கொடுத்தார். மேதைமையோடு போரும் அரசுக் கருவூலமும் சேர்ந்தபோதுதான் அந்த நூல்கள் உருவாயின.

அறிகுறி: இலங்கை ஒரு பத்தி, பர்மா ஒரு பத்தி, சீனா, கொரியா, ஜப்பான், திபெத் என்று பயணக் குறிப்புபோல் போகிறது

கொரியாவின் கோகுர்யோவுக்கு 372, பேக்ஜேவுக்கு 384, ஜப்பானுக்கு 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று ஆண்டுகளை அடுக்குவதால் மட்டும் பயனில்லை. இரண்டு நாடுகளை எடுத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேளுங்கள். அரசு முதலில் ஏற்றதா, மக்கள் முதலில் ஏற்றார்களா? ஏற்கனவே அங்கே எழுத்து மரபும் வலுவான அரசுத் தத்துவமும் இருந்தனவா? இலங்கை மரபில் அரசர் முதலில் ஏற்கிறார், மடமும் அரசும் சேர்ந்தே வளர்கின்றன. சீனாவில் மதம் ஓரத்தில் நுழைந்து, ஒரு பழைய நாகரிகத்தோடு பல நூற்றாண்டு வாதாடி இடம்பிடிக்கிறது. மீதி நாடுகளை ஒரு வாக்கியத்தில் தொட்டுவிட்டு நகரலாம். விட்டுவிட்டோமே என்று பதற வேண்டாம்.

அறிகுறி: மேற்கோள்கள் இருக்கின்றன, ஆனால் அவை சும்மா நிற்கின்றன

"ஹான் யூ பௌத்தத்தை எதிர்த்தார்" என்று மேற்கோளுக்குப் பின்னால் எழுதுவது மேற்கோளையே திரும்பச் சொல்வதுதான். ஒவ்வோர் ஆவணத்திடமும் கேட்க வேண்டியது: எழுதியவர் என்ன நிலையில் இருந்தார், யாருக்கு எழுதினார், அதனால் அவர் பேச்சில் எது மிகைப்படும்?

ஹான் யூ கன்பூசிய அறிஞர், தாங் அரசின் அதிகாரி. 819இல் புத்தரின் விரல் எலும்பு என்று நம்பப்பட்டதைப் பேரரசர் அரண்மனைக்குள் வரவேற்றபோது கண்டித்து விண்ணப்பம் எழுதினார். பௌத்தம் வரும்முன் அரசர்கள் நீண்டநாள் வாழ்ந்தார்கள், வந்தபின் அரச குலங்கள் சீக்கிரம் அழிந்தன என்பது அவர் வாதங்களில் ஒன்று. பேரரசருக்கே எழுதுகிறார் என்பதால்தான் அரசரின் ஆயுளைப் பிடித்துக்கொள்கிறார். அதற்காகத் தொலைதூரத் தெற்குக்கு விரட்டப்பட்டார். இந்த ஆவணம் பௌத்தத்தின் பலவீனத்தைக் காட்டுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். எதிர்மாறாகப் படித்துப் பாருங்கள். அரண்மனையும் நகரத்து மக்களும் ஓர் எலும்பைச் சூழ்ந்து திரண்டார்கள் என்றால், 819இல் அந்த மதம் எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது!

845இல் வூசோங் பேரரசரின் ஆணையும் அப்படித்தான். 4,600க்கும் மேற்பட்ட மடங்களை இடித்ததாகவும், 2,60,500 துறவியரை இல்லறத்துக்குத் திருப்பி வரி கட்டுவோர் கணக்கில் சேர்த்ததாகவும் அது சொல்கிறது. எண்கள் அரசுடையவை, சாதனையாகக் காட்டுவதற்கு எழுதியவை, அதையும் குறிப்பிடுங்கள். ஆனாலும் வரி, நிலம், உழைப்பு என்று ஆணை வலியுறுத்தும் விஷயங்களைப் பாருங்கள். சண்டை தத்துவத்தைப் பற்றியது மட்டும் இல்லை என்று புரியும். பேரரசருக்குத் தாவோயிசத்தின் மேல் இருந்த பற்றையும் விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: கதை சான்றாக நிற்கிறது

ஹான் மரபின் மிங் பேரரசர் கனவில் பொன்னிற மனிதரைக் கண்டார், வெள்ளைக் குதிரையில் நூல்கள் வந்தன. அழகான கதை, பின்னால் எழுந்தது. நீக்க வேண்டாம். "பௌத்தம் அரசரின் அழைப்பின் பேரில் வந்தது என்று பின்வந்தவர்கள் காட்ட விரும்பினார்கள்" என்று எழுதினால் கதையே சான்றாகிவிடும்.

நம்மவர்களிடம் போதிதர்மர் இந்த இடத்தில்தான் வருகிறார். அவர் காஞ்சியின் பல்லவ இளவரசர், சீனர்களுக்குக் கைப்போர்க் கலை கற்றுக்கொடுத்தவர் என்று உறுதியாக எழுதும் கட்டுரைகள் நிறைய. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் லுவோயாங் மடங்களைப் பற்றி எழுதப்பட்ட நூல் அவரைப் பாரசீகர் என்கிறது. மற்றொரு பழைய மரபு தென்னிந்தியர் என்கிறது. இரண்டிலும் காஞ்சி இல்லை. கைப்போர்க் கலையோடு அவரை இணைக்கும் கதை 17ஆம் நூற்றாண்டு நூலில் வருகிறது. தென்னிந்தியர் என்ற மரபைச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

காஞ்சியின் பெருமையை நிறுவ வேறு உறுதியான சான்று இருக்கிறது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கள், பத்தாயிரம் துறவியர் என்று யுவான் சுவாங் எழுதுகிறார்; நாலந்தாவின் பேராசான் தர்மபாலர் பிறந்த ஊர் அது என்கிறார்.

அறிகுறி: தமிழகப் பத்தி கட்டுரையோடு ஒட்டவில்லை

கேள்வி சீனாவைப் பற்றி மட்டும் என்றால் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். கடல்வழிப் பரவலைப் பற்றி என்றால் நாகப்பட்டினத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஸ்ரீவிஜய அரசர் மாரவிஜயோத்துங்கவர்மன் தம் தந்தை சூடாமணிவர்மன் பெயரில் சூடாமணி விகாரத்தை எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சைவரான முதலாம் ராஜராஜன் கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் பதிவு செய்கின்றன. அவர் மகன் ராஜேந்திரன் 1025இல் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்தான். வணிகர்கள் வந்து தங்க ஒரு மடம், அதற்கு வேற்றுச் சமய அரசரின் நிலக்கொடை, பிறகு அதே கடலில் போர். இந்த மூன்றையும் ஒரே பத்தியில் விளக்கிவிட்டால், மதமும் வணிகமும் அரசியலும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மணிமேகலையைச் சேர்ப்பதானால், காவிரிப்பூம்பட்டினம், காஞ்சி போன்ற நகரங்களில் பௌத்தர்கள் மற்றச் சமயத்தாரோடு வாதிட்ட சூழலுக்குச் சான்றாகச் சேருங்கள். கதைச் சம்பவங்களை நடந்தவையாக எழுதாதீர்கள்.

அறிகுறி: இந்தியாவில் பௌத்தம் ஒரே வாக்கியத்தில் அழிந்துவிடுகிறது

"பிராமணர்களால் அழிந்தது" அல்லது "துருக்கியர் படையெடுப்பால் அழிந்தது". எந்தப் பக்கம் எழுதினாலும் ஒரே கோளாறுதான். யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டிலேயே காந்தாரத்தில் பாழடைந்த மடங்களைப் பார்த்தார். அதே நேரம் நாலந்தா செழித்தது. வங்காளத்திலும் பீகாரிலும் பால அரச மரபின் ஆதரவு 12ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. 1200ஐ ஒட்டிய படையெடுப்புகளில் பெருமடங்கள் தாக்கப்பட்டன. ஆனாலும் 1230களில் நாலந்தாவுக்கு வந்த திபெத்தியத் துறவி தர்மசுவாமி, வயது முதிர்ந்த ஆசிரியர் ஒருவர் சுமார் எழுபது மாணவருக்குப் பாடம் சொன்னதைக் கண்டிருக்கிறார். இடத்துக்கு இடம் காலமும் காரணமும் மாறுகின்றன என்று எழுதி, ஓர் இடத்தையாவது விரிவாகக் காட்டுங்கள். புரவலர்களும் வணிகமும் விலகிப்போன இடங்களில் மடம் ஏன் தாங்கவில்லை, சைவ வைணவக் கோயில்கள் ஊரோடு எப்படிப் பிணைந்திருந்தன என்ற ஒப்பீடு இங்கே பொருந்தும்.

அறிகுறி: முடிவுரை முன்னுரையையே மறுபடி சொல்கிறது

முடிவுரையில் புதிய வாதம் வேண்டாம், ஆனால் உங்கள் வாதம் எதுவரை செல்லும் என்று சொல்லலாம். அரசுத் தேவைதான் முதன்மைக் காரணம் என்று வாதிட்டீர்கள் என்றால், 845க்குப் பின் அரசு கைவிட்டபோதும் மதம் ஏன் மறையவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பெருமடங்களையும் அரண்மனைக் கொடையையும் நம்பியிருந்த பிரிவுகள் தளர்ந்தன. சான் (ஜென்), தூயநிலப் பிரிவுகள் தாக்குப்பிடித்தன. 868இல் வாங் ஜியே என்பவர் தம் பெற்றோரின் நன்மைக்காக வச்சிரச் சூத்திரத்தை அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். அந்தச் சுருள் வடமேற்குச் சீனாவின் டுன்ஹுவாங்கில் கிடைத்தது. துறவு பெற்றோருக்குச் செய்யும் துரோகம் என்று ஆரம்ப காலத்தில் பௌத்தத்தின் மேல் குற்றம் சாட்டிய அதே சமுதாயத்தில்தான் இது நடக்கிறது. இங்கே இயங்குவது அரசுத் தேவை இல்லை. ஆக, உங்கள் வாதம் பௌத்தம் வேரூன்றிய கட்டத்தை விளக்குகிறது, நிலைத்த கட்டத்துக்குக் குடும்பச் சடங்குகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மூன்று வாக்கியத்தில் எழுதிவிட்டுப் பேனாவை வையுங்கள்.